நம் கோவில் என்ன சத்திரமா?

"நம் கோவில் என்ன சத்திரமா, போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் திறந்து வைக்க?"

சென்ற ஆண்டு தவக்காலத்திற்குச் சற்று முன்னர், ஒரகடத்தை அடுத்த ஒரு பங்கின் பேரவைக் கூட்டத்தில் இக்கேள்வி எழுந்தது. கேட்டவர் தீயவரல்லர். கோவில் கட்டடத்திற்குக் கைநிறையக் கொடுத்தவர். வின்சென்ட் தே பவுல் சபையில் பல்லாண்டு உழைத்தவர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இப்பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கத்தோலிக்க இளைஞர் சிலர் கொடுத்திருந்த ஒரு விண்ணப்பமே அவரை அவ்வாறு கேட்க வைத்தது. மாதம் ஒருமுறை இந்தியில் ஒரு திருப்பலி வேண்டும். அது ஞாயிறு மாலையில் இருந்தால் நல்லது. பூசை முடிந்தபின் ஒரு மணி நேரம் வளாகத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து பேசிக்கொள்ள அனுமதி வேண்டும். அவர்கள் கேட்டது இவ்வளவே. கூட்டத்தில் இருந்த நாம் ஒருவரும் அந்தச் சத்திரக் கேள்விக்கு விடை கூறவில்லை. சிலர் சிரித்தோம், சிலர் தரையைப் பார்த்தோம். பொருள் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்தடுத்த கூட்டங்களிலும் அவ்வாறே ஆயிற்று.

அன்று வாய்மூடி இருந்த குற்றத்திற்குக் கழுவாயாக இதனை எழுதுகிறோம்.

கேட்ட பெரியவரின் வீடு சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது என்பதை முதற்கண் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் சுங்குவார்சத்திரமும், காஞ்சிக்கு அப்பால் பாலுசெட்டிசத்திரமும் இன்றும் ஊர்ப்பெயர்களாய் நிற்கின்றன. வழிப்போக்கருக்குத் திண்ணையும் தண்ணீரும் சோறும் வைத்திருந்த இடம் ஊராயிற்று. சத்திரம் கட்டிய குடும்பத்தின் பெயர் ஊரின் பெயராயிற்று. அச்சாலையில் அரண்மனை கட்டியவன் பெயர் எதுவும் நமக்கு நினைவில் இல்லை. ஆகவே இம்மண்ணில் 'சத்திரமா?' என்று கேட்பதை ஏச்சாக எடுத்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. நாம் 'பங்கு' என்று அழைக்கும் அமைப்புக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், 'பரோய்க்கியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தனக்குச் சொந்தமில்லாத நாட்டில், குடியுரிமை இல்லாமல் தங்கி வாழ்தல் என்பதே அதன் பொருள். தொடக்கக் கிறித்தவர்கள் தங்களை ஊரார் என்று எண்ணவில்லை. அயலூரில் தங்கியிருப்போர் என்றே எண்ணினர். நம் தமிழ்ச் சொல்லோ வேறு திசையில் நம்மை இழுத்துவிட்டது. பங்கு என்றால் நமக்குச் சொத்தில் உள்ள உரிமை. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வது. கட்டிய சந்தாவுக்குக் கிடைக்கும் வரவு. சொல்லின்மீது பழி போடுவதில் பயனில்லை. ஆயினும் வந்தேறிகளின் கூட்டமாகத் தொடங்கிய ஒன்று, பங்காளிகளின் கூட்டமாக முடிந்திருப்பதை மறுக்க முடியுமா?

இங்கே வேலைக்கு வந்திருப்போர் ஒரு வகையினர் அல்லர். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் காலூன்றியது. 1998-இல் முதல் கார் வெளிவந்தது. அன்று தொடங்கிக் கொரியப் பொறியாளர்கள் குடும்பத்தோடும் தனியாகவும் இங்கு வந்து குடியேறி வருகின்றனர். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறந்தபின் ஜப்பானியர்களும் பெருகினர். திருப்பெரும்புதூர்ச் சாலையோரத்தில் கொரிய எழுத்துப் பலகைகள் வந்தன. கொரிய உணவகங்களும் விருந்தினர் இல்லங்களும் வந்தன. நம் பிள்ளைகளில் சிலர் அம்மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராயினர். கொரியர் ஒருவர் இரவு எட்டு மணிக்கு மருந்துக் கடை தேடினால், நாம் வண்டியை நிறுத்தி வழிகாட்டுகிறோம். அந்நிய நாட்டில் பாவம், மொழி தெரியாமல் எப்படி வாழ்கிறாரோ என்று மனம் இரங்குகிறோம். திருவிழாக் கொடியேற்றத்திற்கு ஆலை அதிகாரியை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். இவற்றில் ஒரு தவறும் இல்லை. இன்னும் செய்யலாம். 1784-இல் பீக்கிங் சென்று திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய ஈ சங்-ஹுன் என்ற பொதுநிலையினராலும் அவருடைய நண்பர்களாலும், ஒரு குரு கூட இல்லாமல், தொடங்கப்பட்டது கொரியத் திருச்சபை. அந்நாட்டிலிருந்து நம் கோவிலுக்கு வருபவரிடம் பொதுநிலையினராகிய நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆனால், தன்பாத்-ஆலப்புழை விரைவு வண்டியில் ராஞ்சியிலோ ரூர்கேலாவிலோ ஏறி, பெரம்பூரில் இறங்கி, ஒரு பையோடு ஒரகடம் கூட்டுச்சாலையில் வந்து நிற்கும் இளைஞனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? 'வடக்கன்'. கொஞ்சம் நாகரிகமானவர் வாயில் 'இந்திக்காரப் பசங்க'. இத்தனைக்கும் இந்தி அவர்களுள் பலருக்குத் தாய்மொழி அன்று. வீட்டில் குடுக் பேசுபவர் உண்டு, முண்டாரி பேசுபவர் உண்டு, காடியா, ஒடியா பேசுபவர் உண்டு. தமிழும் அவர்களுக்கு அந்நியம். இந்தியும் பள்ளியில் கற்றது. கொரியரும் பிழைப்புக்காக வந்தவர். இவரும் பிழைப்புக்காக வந்தவர். ஒருவர் 'வெளிநாட்டவர்', மற்றவர் 'வந்தேறி'. இரண்டு சொற்களுக்கும் நடுவே இருப்பது தூரமன்று, சம்பளம்.

சிம்டேகா, கும்லா, சுந்தர்கட் ஆகிய மாவட்டங்களிலிருந்து வரும் ஆதிவாசிகளில் கத்தோலிக்கர் எத்தனையோ பேர். 1885-இல் சோட்டா நாக்பூர் வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு, நிலத்தை இழந்து கொண்டிருந்த அம்மக்களுக்காக வழக்குமன்றத்தில் நின்றார். அதன் வழியே அவர்கள் பல்லாயிரவராய் மறை தழுவினர். நான்கு தலைமுறைக் கத்தோலிக்கர்கள் அவர்கள். நம்மைப் போலவே பரம்பரைக் கிறித்தவர்கள். கோவிலின் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்புகள் கிடக்கும் இடத்தருகே நின்று, பாடல் தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கொண்டிருப்பவர்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாயின், நற்கருணை வாங்கும்போது அவர்கள் காட்டும் வணக்கத்தில் அப்பழமை தெரியும்.

இனி, அவர்கள் 'போகிறவர் வருகிறவர்' தானா என்ற கேள்வி. இதற்குத் திருச்சபைச் சட்டமே விடை சொல்லிவிட்டது, நாம்தான் படிக்கவில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 102-ஆம் எண்ணைப் பாருங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாக இருக்கும் எண்ணத்தோடு தங்குபவரும், ஐந்து ஆண்டுகள் தங்கி முடித்தவரும் அங்கு முழு உறைவிடம் உடையவர். அது மட்டுமன்று. மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தவரும், மூன்று மாதம் உண்மையில் தங்கி முடித்தவரும், அங்கு ஒருவகைத் தற்கால உறைவிடம் பெறுகிறார். இவ்விரண்டில் எதைப் பெற்றவருக்கும் அப்பங்கின் குருவே சொந்தக் குரு என்கிறது 107-ஆம் எண். மூன்றே மாதம்! சந்தா அட்டை பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. குடும்பத் தலைவர் பெயர் பற்றி இல்லை. சொந்த வீடா வாடகை வீடா என்ற கேள்வி இல்லை. பங்குத்தந்தையின் கடமைகளைக் கூறும் 529-ஆம் எண்ணோ, வறியோர், துயருறுவோர், தனித்திருப்போர் ஆகியோருடன் நாடு விட்டு வந்தோரையும் தனிக் கவனத்தோடு தேடிச் செல்லப் பணிக்கிறது. ஆகவே ஒரகடத்தில் நான்கு மாதமாகப் பற்றவைப்பு வேலை செய்யும் சிம்டேகா இளைஞன் நம் பங்கின் விருந்தாளி அல்லன். நம் பங்கின் கிறித்தவன். நாம் அவனுக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்று கூடிப் பேசியதே, சட்டப்படி பார்த்தால், நமக்கு இல்லாத அதிகாரம்.

'ஆளுக்கொரு மொழியில் பூசை வைத்தால் பங்கு உடைந்து போகாதா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. இவர்களுக்கு நம் குடும்பக் கதையையே நினைவூட்டுகிறோம். நம் உறவில் வளைகுடா நாடு போகாதவர் இல்லாத வீடு எத்தனை? துபாயில் ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1960களில் எழுந்தது புனித மரியா ஆலயம். அங்கே தமிழில் திருப்பலி உண்டு. குவைத்துத் திருக்குடும்பப் பேராலயத்திலும் தமிழில் திருப்பலி உண்டு. நம் சித்தப்பாவும் மைத்துனரும் ஊருக்கு எழுதும்போது, இப்போது கைபேசியில் பேசும்போது, அதைத்தானே முதலில் பெருமையாகச் சொல்கிறார்கள்? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்நாடுகளில் தொழிலாளருக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஐக்கிய அரபு நாடுகளில் 2022-இல்தான் அது மாறியது. திருச்சபை என்ன செய்தது? 'ஞாயிறுதான் ஆண்டவர் நாள், வந்தால் வா' என்று சொல்லவில்லை. ஞாயிற்றுத் திருப்பலியையே வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுவந்து வைத்தது. முகமதிய நாட்டில், பாலைவனத்தில், நம் கொத்தனாருக்காகவும் ஓட்டுநருக்காகவும் நாள்காட்டியே வளைந்து கொடுத்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நாம் ஒரு ஞாயிறு மாலையை வளைக்க மாட்டோம் என்கிறோம்.

அதற்கும் முந்திய கதை ஒன்று. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம், அங்கே பிழைக்கச் சென்ற தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுப்பப்பட்டு 1888-இல் திறக்கப்பட்டது. கட்ட முன்னின்றவர்கள் பிரெஞ்சுக் குருக்கள். தமிழருக்குத் தனிக்கோவில் எதற்கு, கூலிக்கு வந்தவர்கள்தாமே, நாளை ஊர் திரும்பிவிடுவார்கள் என்று அன்று ஒருவர் தடுத்திருந்தால் அந்தக் கோபுரம் இல்லை. இன்று சீயோல் நகரில் ஹேஹ்வாதோங் ஆலயத்திற்கு ஞாயிறுதோறும் போனால் பிலிப்பைன்சுத் தொழிலாளரின் கூட்டத்தைக் காணலாம். அவர்களுக்கு அவர்கள் மொழியில் பூசை. வெளியே அவர்கள் ஊர்ப் பண்டங்களின் சந்தை. கொரியத் திருச்சபை உடைந்துவிடவில்லை.

நம் பக்கத்துச் சான்று வேண்டுமாயின் பரங்கிமலைக்குப் போவோம். ஆண்டுதோறும் தவக்காலத்தில் நாம் முழங்காலிட்டும் செபமாலை சொல்லியும் ஏறும் அந்தப் படிகளைக் கட்டியவர், வணிகத்திற்காகச் சென்னை வந்து தங்கிவிட்ட கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர். 1720களில் அடையாற்றுக்குக் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. அம்மலையோடு நாம் இணைத்துப் போற்றும் தோமையாரும் உள்ளூர்க்காரர் அல்லர்.

மொழிக் கேள்வி இப்படியிருக்க, பேரவையில் வாய்விட்டுச் சொல்லப்படாத வேறு காரணங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது வாடகை. நம்மவரில் பலர் இன்று வீட்டு உரிமையாளர்கள். நிலம் போனபோது கிடைத்த தொகையிலோ வங்கிக் கடனிலோ வரிசையாக அறைகள் கட்டி விட்டிருக்கிறோம். லைன் வீடு என்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டடி அறை. அதில் எட்டுப் பேர். வாடகை அறைக்கு அன்று, தலைக்கு. பகல் முறை போனவன் படுத்த பாயில் இரவு முறை முடித்தவன் படுக்கிறான். கழிப்பறை இருபது பேருக்கு ஒன்று. தண்ணீர் மோட்டார் காலையில் அரை மணி. வாடகைச் சீட்டுக் கிடையாது. கேட்டால் அறை கிடையாது. கொரியப் பொறியாளருக்கு அடுக்ககத்தில் வீடு பார்த்துக் கொடுக்கும் அதே தரகர்தான் இந்த அறைகளுக்கும் ஆள் பிடிக்கிறார். அங்கே ஒப்பந்தம் மும்முறை படிக்கப்படுகிறது, இங்கே வாய்ச்சொல். ஞாயிறு காலையில் முதல் வரிசையில் நின்று 'எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்' என்று மார்பில் தட்டிக்கொள்ளும் நாம், மாலையில் அந்த அறை வாசலில் நின்று தலையெண்ணுகிறோம். மாதத்தில் ஒருநாள் அதே தலைகளைக் கோவிலுக்குள் எண்ண நேர்ந்தால் கூச்சமாக இருக்குமே என்ற அச்சம் நம்மில் சிலருக்கு உண்டோ என்று ஐயுறுகிறோம். ஐயம் தவறாயின் பொறுத்தருளுங்கள். ஆனால் அடுத்த மாத வாடகை வாங்கப் போகும்போது அறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பூசைப் புத்தகமும் செபமாலையும் ஆணியில் தொங்கும் அறை ஒன்றாவது இருக்கும்.

இரண்டாவது காரணம் வேலை. 'நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து உட்கார்ந்திருக்க, இவர்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்' என்ற மனக்குறையை ஏளனம் செய்ய நாம் முற்படவில்லை. அதில் பொருள் இருக்கிறது. ஆனால் ஆளைக் கொண்டுவருபவன் ஒப்பந்தக்காரன். குறைந்த கூலிக்கு, சங்கம் சேராத, விடுப்புக் கேட்காத கை வேண்டும் என்பவை ஆலைகள். நம் பிள்ளையைப் பயிற்சியாளன் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வைத்து அனுப்புவதும் அதே கணக்குத்தான். 2006-இல் இங்கே கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, வீடு திரும்பிய ஆயிரக்கணக்கானோர் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள்; அவர்களை வெளியேற்றியது எந்த வடநாட்டானும் அல்லன். சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கி ஒரு மாதத்திற்கு மேல் தொழிலாளர் பந்தலில் அமர்ந்தது, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதற்காக. சங்கம் வைக்கும் உரிமையைப் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே 'ரேரும் நொவாரும்' மடலில் எடுத்துரைத்துவிட்டார். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை பதினான்காம் லியோ அப்பெயரைச் சூடியதற்கே அம்மடலைக் காரணமாகச் சொன்னார். நிரந்தரத் தொழிலாளியையும் ஒப்பந்தத் தொழிலாளியையும், தமிழனையும் வடவனையும் ஒருவரையொருவர் பார்த்து முறைக்க வைப்பதில் யாருக்கு இலாபம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

மூன்றாவதைச் சொல்லக் கை தயங்குகிறது. எனினும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். இம்மறைமாவட்டத்துப் பங்குகளில் நம்மில் பெரும்பாலோர் யார்? ஊருக்குள் விடப்படாமல் சேரியில் வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை நம் முப்பாட்டன்மாரின் நிலையைப் பற்றியது. அதன் விளைவாக 1892-இல் ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்களை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் நாள் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். கோவிலுக்குள்ளேயே பிரித்து நிறுத்தப்பட்ட தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கல்லறையில் சுவர் எழுப்பப்பட்ட கதைகளை நாமே மேடைகளில் கண்ணீரோடு சொல்லியிருக்கிறோம். செருப்புகளின் அருகே நிற்பது எப்படியிருக்கும் என்று நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த நாம், இன்று கதவருகே நிற்கும் ஆதிவாசியைப் பார்த்து 'நம் கோவில்' என்கிறோம். மேல்சாதிக்காரர் வாயில் அச்சொல்லைக் கேட்டபோது நம் தாத்தா எவ்வாறு தலைகுனிந்து நின்றாரோ, அவ்வாறே அவன் நிற்கிறான். மொழி தெரியாததால் சொல் மட்டும் அவனுக்குப் புரிவதில்லை, முகம் புரிகிறது.

நம் நிலங்களும் ஏரிப் பாசனமும் சிப்காட்டுக்குப் போயின, சொன்னபடி வீட்டுக்கொரு வேலை வரவில்லை, எனவே மனம் கசந்திருக்கிறது என்பதும் உண்மை. கசப்பை உரியவரிடம் கொண்டு போவதற்கு வலிமை இல்லாதபோது, எளியவனிடம் காட்டுகிறோம்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து மின்னணு ஆலைகளில் நிற்கும் தங்கைமாருக்கு மொழிச் சிக்கல் இல்லை. ஆயினும் நம் பங்கேட்டில் அவர்கள் பெயர் எங்கே? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நள்ளிரவில் அவர்கள் பெருஞ்சாலையில் அமர்ந்தபோதுதான், இத்தனை ஆயிரம் பெண்பிள்ளைகள் நம் எல்லைக்குள் வாழ்கிறார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. பின்னர் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல கட்டடம். ஒரே வளாகத்தில் ஒரு நகரமே குடியிருக்கிறது. நம் அன்பியங்களோ தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு என்று அமைந்தவை. விடுதிக்கு அன்பியம் இல்லை. மூன்று மாதம் தங்கியவர் பங்கின் மகள் என்ற சட்டம் அவர்களுக்கும் உரியது. பங்கிலிருந்து இருவர் போய் வாயிற்காப்பாளரிடம் பெயர் எழுதி, பார்வையாளர் நேரத்தில் அரைமணி அமர்ந்து வருவதற்கு எந்த ஆயரின் ஆணை வேண்டும்? இளந்தொழிலாளரைத் தேடிப் போவதற்கென்றே பெல்ஜியத்தில் கார்டைன் அடிகள் இளங்கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கி நூறாண்டு ஆகிவிட்டது. ஒரு காலத்தில் சென்னையில் அவ்வியக்கம் இருந்ததை மூத்த வாசகர் அறிவர். ஆலைகள் இல்லாத காலத்தில் இயக்கம் இருந்தது. ஆலைகள் வந்தபோது இயக்கத்தைக் காணோம்.

2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது. அவை பொய் என்று காவல்துறை அறிவித்து வழக்குத் தொடுத்தது. அந்த வாரத்தில், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நடுங்கிய இளைஞர் எத்தனை பேர்! வதந்தி உண்மையா என்று போய்க் கேட்க அவர்களுக்கு உள்ளூரில் ஒரு வீடு, ஓர் அண்ணன், ஓர் அக்கா இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் வாழ்ந்தும் இல்லை. நாம் நல்லவர்கள்தாம், அடிக்க மாட்டோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நமக்குத் தெரிந்த ஒரு சாவைச் சொல்லி முடிக்கிறோம். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் இரவு முறை முடித்து மிதிவண்டியில் வந்த இருபத்திரண்டு வயது இளைஞன் மீது லாரி மோதியது. உடலை ஊருக்கு அனுப்பத் தோழர்கள் பணம் திரட்டினார்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கோவிலுக்குள் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும் என்பது அவன் அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டது. பொறுப்பில் இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பங்கு? கடிதம் இருக்கா?" கடிதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பங்குத்தந்தை விவரம் அறிந்து ஓடிவந்து, தாமே கதவைத் திறந்து, இரவு பத்து மணிக்கு மேல் திருப்பலி நிறைவேற்றினார். தோழர்கள் ஒன்பது பேர். நம்மவர் மூவர். அவர்கள் தங்கள் மொழியில் பாடினார்கள். பொருள் நமக்கு விளங்கவில்லை. ஆனால் மெட்டு, நம் வீடுகளில் அடக்கப் பூசைக்குப் பாடும் பழைய மெட்டுப் போலவே இழுத்து இழுத்து வந்தது. முடிந்தபின் அவர்களில் ஒருவன் நம்மிடம் வந்து, தெரிந்த தமிழில், "அண்ணா, ரொம்பப் பெரிய உதவி" என்று கையைப் பற்றினான். அவனுடைய உரிமையை உதவி என்று அவன் சொன்னதும், நாம் அதைத் திருத்தாமல் நின்றதும் மறக்க முடியாதவை. அந்த விண்ணப்பத்தில் முதற் கையெழுத்து அவனுடையது.

திருத்தந்தை பிரான்சிசு 2018-ஆம் ஆண்டுக்கான செய்தியில் வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல் என்று நான்கு வினைச்சொற்களைத் தந்தார். புலம்பெயர்ந்தோர் நாள் செப்டம்பர் கடைசி ஞாயிறு. அதற்கு முந்தைய பேரவைக் கூட்டத்தில் ஒத்திவைக்கப்பட்ட பொருளை மீண்டும் எடுக்கும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். இந்தியில் திருப்பலி நிறைவேற்ற ஒப்புக்கொண்ட குரு ஒருவர் இருக்கிறார். வாசகம் படிக்க, அருட்சகோதரி ஒருவர் பயிற்சி தருகிறார். இரண்டாம் முறை வேலை இரவு பத்துக்கு முடிவதால் ஒரு பகுதியினர் வர இயலாது. முதல் முறையினர் இரண்டு மணிக்கு வெளிவந்து பேருந்து பிடித்து, குளித்து, வர நான்கரை ஆகும். எனவே ஐந்து மணி என்று குறித்திருக்கிறோம். ஒலிபெருக்கி வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். தேநீர்ச் செலவைப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், சுங்குவார்சத்திரத்துக்காரர்.